மஞ்சத்துணியில் படிந்த தூசி

ஆடி 9, புதன்.

மல்லிகைச் செடியெல்லாம் இலை ஓரம் கருகுது. மேக்கேயிருந்து வர்ற காத்துல வெள்ளையா ஒரு தூசி வந்து படியுது. அது சூசையோட சுண்ணாம்புக் காளவாசல் தூசிதான்னு என் கொழுந்தன் பெருமாளு ஊரெல்லாம் சொல்லிட்டான். நாளைக்கு ஊர்க்கூட்டத்துல காளவாசலை மூடச் சொல்லப் போறாங்க. சூசைக்கு அதை விட்டா வேற பிழைப்பு கிடையாது.

எனக்கு ஒப்பல. நேத்து ஒரு பழைய வேட்டியை மஞ்சத்தண்ணியில முக்கிச் செடிகளுக்கு நடுவுல கட்டினேன். மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவக்கும். ஆரத்தி கரைக்கிறவளுக்குத் தெரியாதா? இன்னைக்குச் சாயந்தரம் பாத்தா துணி பூரா தூசி. தண்ணி தெளிச்சும் ஒரு பொட்டு சிவக்கல. நாக்குல வச்சேன், கரிச்சது.

பெருமாளைக் கூப்பிட்டு, "நக்கிப் பாரு அப்பு"ன்னேன்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியா மதினி?"

"ஆட்டுக்குட்டின்னா இந்நேரம் கண்டுபிடிச்சிருக்கும்."

நக்கினான். அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! "உப்பு மதினி!"

தோல் பதப்படுத்துறதுக்குன்னு தோல் ஷாப்பு முதலாளி கொடைரோடு ரயிலடியில இறக்கி, மூடாம குவிச்சு வச்சிருக்குற தூத்துக்குடி உப்புதான் அது. அதுவும் எங்களுக்கு மேக்கேதான்.

"சூசையைத் திட்டின வாயாலயே நாளைக்குக் கூட்டத்துல சொல்லு"ன்னேன்.

"முதலாளிகிட்ட யாரு போயி கேக்குறது?"ன்னான்.

ஊரெல்லாம் பேசுற பெரிய மனுசனுக்கு முதலாளின்னா மட்டும் பயம்... இருக்கட்டும். குவியல் மேல நாலு பாயைப் போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா?

பெருமாளு துணியை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டான். கூட்டம் வரைக்கும் பொறுக்காம, சூசை வீட்டுக்கு இப்பவே போறேன்னு கிளம்பிட்டான்.