தலைமாத்திக் காரின் சீற்

அண்ணை,

உங்கள் காரின் சீற் என் தையல் மேசையில் கிடக்கிறது. நாறுகிறது. கேக் கிறீமும் அத்தரும் யாரோ ஊற்றிய சோடாவும் சேர்ந்த புளித்த நாற்றம். தையல் வெடித்த இடத்தில் அட்சதை அரிசி நாலைந்து மணி சிக்கியிருக்கிறது. இடுக்கில் மென்று ஒட்டிய சுவிங்கம். எல்லாவற்றுக்கும் அடியில், மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும், அந்த ரெசின் மணம். கண்ணாடி நாருக்குப் பூசுகிற பசையின் மணம். நீங்கள் என் கடைக்குள் வரும்போதெல்லாம் உங்களுக்கு முன்னால் வந்து நின்ற அதே மணம். இரண்டு நாளாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் மற்றத் துணிகளைத் தைக்கிறேன்.

கொண்டுவந்தவர் மணவறைக்காரர், கலியாண மேடை சோடிக்கிறவர். பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் உங்களோடு ஒரே கராஜைப் பாதி பாதியாய்ப் பிரித்து வைத்திருந்தாரே, அவர்தான். "அக்கா, இந்தச் சீற்றை ஒருக்காத் தைச்சுத் தாங்கோ. சனிக்கிழமை ஆர்ஜொந்தெயிலை ஒரு கலியாணம் இருக்கு. போன கிழமை மாப்பிள்ளை கொஞ்சம் மொத்தம், இருந்தவுடனை வெடிச்சுப்போச்சு. அந்தக் காலத்துத் தோல் எல்லே" என்று சிரித்தார். அந்தக் காலத்துத் தோலாம்! நான் என் கையால் வெட்டி, நான்கு ஊசி முறித்துத் தைத்த ரெக்சின். அதை என்னிடமே சொல்கிறார். பொய் சொல்லிச் சொல்லி, யாருக்குச் சொல்கிறோம் என்ற நினைவே அந்த மனிதருக்கு விட்டுப்போய்விட்டது.

இதே கடையிலிருந்து உங்களை முதல் நாளே வெளியே போகச் சொன்னவள் நான். ரூ பிலிப்-து-ஜிராரில் கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு பெண்ணுக்குச் சாறிச் சட்டை அளவு எடுத்துக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அந்தப் பெண் சாறித் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். உங்கள் தலைமயிரில் வெள்ளைத் தூள், முழங்கை இரண்டிலும் காய்ந்த பசை. "அண்ணை, சட்டையை மாத்திப்போட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்றேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தீர்கள். புதுச் சட்டை. கழுத்தில் விலைத்துண்டு தொங்குகிறது. "மாத்தியாச்சுப் பிள்ளை. இனிக் கதைப்பமோ?"

கார் சீற் தைக்க வேண்டும் என்றீர்கள். நான் சாறிச் சட்டைக்காரி என்றேன். "துணியை ஆளுக்கு அளவாத் தைக்கிறீர்தானே? இதுவும் ஒரு ஆள் எண்டு நினையும்" என்றீர்கள். அளவெடுக்கிற சாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்தேனுக்கு வந்தேன். கராஜின் ஒரு பாதியில் மணவறைக்காரரின் பொன் பூச்சுத் தூண்களும் ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிய யானைகளும். மற்றப் பாதியில் உங்கள் கார். நீண்ட மூக்கு, இரண்டு உருண்டை விளக்கு, சில்லுகளுக்கு மேல் அலையாய் வளைந்த மட்காட், பக்கத்தில் கால் வைத்து ஏறப் பலகை. கறுப்பு வெள்ளைப் படங்களில் தொப்பி போட்ட துரைமார் சாய்ந்துகொண்டு நிற்பார்களே, அந்த மாதிரிக் கார்.

"எவ்வளவு பழசு அண்ணை?" என்று கேட்டேன்.

"பழசோ? போன வருசம் பிறந்தது" என்றீர்கள். பொனற்றைத் திறந்து காட்டினீர்கள். அடிபட்டு நசிந்த ஒரு யப்பான் ஸ்போட்ஸ் காரை வாங்கி, அதன் இயந்திரம், கியர், பிறேக், ஸ்ரேறிங் எல்லாவற்றையும் கழற்றியெடுத்து, இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாய் வந்த சட்டத்துக்குள்ளும் கண்ணாடி நார் உடம்புக்குள்ளும் பூட்டியிருக்கிறீர்கள். பகல் முழுக்க ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் நின்றுவிட்டு, லீவு நாட்களில், ஒரு தடித்த புத்தகத்தை அகராதி வைத்து வாசித்துக்கொண்டு. கேட்கிற எல்லோருக்கும் முதல் பேச்சிலேயே அதைச் சொல்லிவிடுவீர்கள். "முகம் மட்டும்தான் துரை. வயித்துக்குள்ளை முழுக்க யப்பான்காரன். இதுவும் என்னை மாதிரி ஒரு தலைமாத்தி."

உங்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. இந்த மடலை இன்னொருவர் எடுத்து வாசித்தால் தெரியட்டும். வேறொருவருடைய பாஸ்போட்டில் அவர் படத்தைக் கழற்றிவிட்டு நம் படத்தை ஒட்டிப் பறந்து வருவதை எங்கள் ஆட்கள் தலைமாத்தி வருவது என்பார்கள். நீங்கள் அப்படித்தான் வந்தீர்கள். பிடிபட்ட இடத்தில், பயத்தில், அந்தப் பாஸ்போட்டில் இருந்த பேரையே உங்கள் பேர் என்று சொல்லிவிட்டீர்கள். அகதி அட்டையிலும் அதுவே ஏறியது. திருத்தப் போனால் அட்டையும் போய்விடும் என்று யாரோ வெருட்ட, பேசாமல் இருந்துவிட்டீர்கள். இருபத்தெட்டு வருடம், முன்பின் தெரியாத ஒருவனின் பேரில் வேலை செய்து, பல் பிடுங்கி, வீடு வாடகைக்கு எடுத்து வாழ்ந்தீர்கள். சொந்தமென்று கேட்க இங்கே ஒருவரும் இல்லை. லாசப்பல் கடைத்தெருவில் அரைவாசிப் பேருக்கு நீங்கள் வெறும் அண்ணை, மற்ற அரைவாசிக்கு அந்தப் பாஸ்போட் பேர்.

ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "உங்கடை சொந்தப் பேர் என்ன அண்ணை?"

"கார்த் கிறிஸ் வரட்டும். அதிலை பாரும்."

கார்த் கிறிஸ் என்பது காரின் பதிவுப் பத்திரம். அதற்கான விண்ணப்பத்தை என் மேசையில், நான் வெட்டி வைத்த துணிக்கு மேலேயே விரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உங்கள் விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். "இந்தக் கட்டத்திலை 'மார்க்' எண்டு இருக்கு. கார் செய்தவன்ரை பேர் வாற இடம். இதைச் செய்தது நான். அப்பா வைச்ச பேரை இதிலை எழுதுவன். ஆரும் கேள்வி கேக்கேலாது பிள்ளை. அது ஆளின்ரை பேரில்லை, காரின்ரை பேர்." அதைச் சொல்லும்போது உங்கள் முகம் கள்ளத்தனமாய் மலர்ந்தது. பிரெஞ்சுக்காரனின் ஒரு கடதாசியிலாவது உங்கள் பேர் இருக்க வேண்டும். காரே அதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சீற் தைத்த கூத்தையும் சொல்ல வேண்டும். சாறிச் சட்டை தைக்கிற கை எந்தத் தையலுக்கும் உள்ளே இரண்டு விரல் துணி விடும். கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஆள் பெருத்தால் பிரித்து விடலாம். அந்தப் பழக்கத்தில் உங்கள் சீற்றுக்கும் விட்டுவிட்டேன். ரெக்சின் தடிப்பானது, உள்ளே மடிந்த துண்டு ஓரமெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. தடவிப் பார்த்தீர்கள். "சீற்றும் கொழுக்குமே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கியது. வெட்டி எறிகிறேன் என்று கத்திரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதையும். இடம் விட்டுத்தானே தைச்சிருக்கிறீர், இருக்கட்டும். கடைசிப் பக்கத்தை மூடமுதல் ஒருக்காத் தாரும், உள்ளை பாப்பம். போய்த் தேத்தண்ணி ஒண்டு வையும்."

தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தபோது சீற் உங்கள் மடியில் கவிழ்ந்து கிடந்தது. என் நீலப் பென்சில், துணியில் அடையாளம் போடுகிற பென்சில், உங்கள் காதில் செருகியிருந்தது. "களவெடுத்தது காணும், தாங்கோ" என்று பறித்தேன். நீங்கள் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தீர்கள்.

பதிவு கிடைக்கவில்லை. ஒருமுறை காரின் சத்தம் கூடிப்போச்சு என்று தொசியேயை, விண்ணப்பக் கோப்பை, திருப்பினார்கள், ஒருமுறை பிறேக் அளவுப் பத்திரம் இல்லை என்றார்கள், ஒருமுறை விளக்கின் உயரம். ஒவ்வொரு தரமும் பிரித்து, திருத்தி, திரும்ப அனுப்பினீர்கள். மணவறைக்காரர் உங்களைப் பகிடி பண்ணுவார். "அந்த யப்பான் காரின்ரை நம்பரைக் கொழுவிப்போட்டு ஓடுங்கோவன் அண்ணை. ஆர் பாக்கிறது?" நீங்கள் தலை நிமிராமல் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "ஒருக்கா அப்பிடி வந்து பட்டது காணும்." மூன்று வருடம் அந்தக் கார் கராஜுக்குள்ளேயே நின்றது. ஞாயிறுகளில் ஸ்ராட் பண்ணி, சத்தத்தைக் கேட்டுவிட்டு நிற்பாட்டுவீர்கள்.

பிறகு நீங்கள் குசினியில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

எரிக்கிற இடத்தில் இருபது பேர்வரை வந்திருந்தோம். அங்கே வேலை செய்கிற மனிதர் ஒரு கடதாசியைப் பார்த்து, அந்தப் பாஸ்போட்காரனின் பேரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பெட்டியில் ஒட்டியிருந்த தகட்டிலும் அதே பேர். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். யாரோ ஒருவர் அந்தப் பேரைச் சொல்லியே விம்மினார். எவனோ ஒருவன் எங்கேயோ உயிரோடு இருந்து சோறு தின்றுகொண்டிருப்பான், அவனுடைய பேரில் உங்களை எரிக்கிறார்கள். எழுந்து இது இவருடைய பேரில்லை என்று சொல்ல வாய் வந்தது. அப்படியென்றால் என்ன பேர் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். இத்தனை தேத்தண்ணி ஊற்றித் தந்தவளுக்கு உங்கள் பேர் தெரியாது. அன்றைக்கு எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருந்தது. அது இன்னும் போகவில்லை.

இரண்டு மாதத்தில் கார் வெளியே வந்தது. "அநாதையா நிண்டது அக்கா, நான் எடுத்துப் பாக்கிறன்" என்றார் மணவறைக்காரர். யப்பான் காரின் பழைய நம்பர் தகடு கராஜிலேயே கிடந்தது. நீங்கள் மூன்று வருடம் தொடாததை அவர் ஒரு பின்னேரத்தில் கொழுவிவிட்டார். வெள்ளைச் சாட்டின் நாடா கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், நானும் தைத்துக் கொடுத்தேன். கார் வெயிலைக் காணட்டும், உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் பிறகு அதை லாசப்பலில் ஒரு சாறிக் கடை வாசலில் பார்த்தேன். மூக்கில் பிளாஸ்ரிக் மல்லிகை மாலை, விளக்குகளுக்கு நடுவில் மயில் இறகு, அமத்தினால் நாதஸ்வரம் ஊதுகிற ஹோண். கண்ணாடியில் ஒரு மட்டை: தொண்ணூறு வருடப் பழமை, ஒறிஜினல், கலியாணங்களுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் லொக்கசியோன், வாடகைக்கு. பெண்ணின் தாய் ஒருத்தி மட்காட்டைத் தட்டிப் பார்த்தாள். "அந்தக் காலத்து இரும்பு எண்டால் இரும்புதான், என்ன?" பிளாஸ்ரிக் வாளியைத் தட்டின சத்தம் கேட்டது. அவளுக்கு அது கேட்கவில்லை.

"அது கண்ணாடி நார். செய்து ஐஞ்சாறு வருசம்தான்" என்றேன்.

மணவறைக்காரர் என் தோளைத் தட்டாத குறையாகச் சிரித்தார். "அக்கா பகிடி விடுறா. உது இங்கிலாந்திலை ஒரு பிரபு வீட்டிலை நிண்ட கார்."

"செய்தவர் ஆர் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"செய்தவனோ? அவன் செத்து எத்தினை வருசமோ!" என்று சொல்லிவிட்டு அந்தத் தாயைப் பார்த்துக் கண்ணடித்தார். என் வாயில் காறித் துப்ப எச்சில் ஊறியது. அந்தத் தெருவில் எங்கே துப்புவது? விழுங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

அந்த மனிதர்தான் இப்போது இந்தச் சீற்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். வேறு கையில் போய், என் தையலை ஒருவன் கண்டபடி பிய்ப்பானே என்றுதான் வைத்துக்கொண்டேன். இன்று காலை கையுறை போட்டுக்கொண்டு பிரிக்கத் தொடங்கினேன். வெடித்த பக்கம் நீங்கள் கடைசியாக வாங்கிப் பார்த்த பக்கம். உள்ளே நான் விட்ட இரண்டு விரல் துண்டு அப்படியே மடிந்து கிடந்தது. நீட்டினேன். ரெக்சினின் பின்பக்கம் வெள்ளைத் துணிதானே? அதில் நீலப் பென்சிலால் அளவாக ஒரு கட்டம் கீறியிருந்தது. கட்டத்துக்கு மேலே பிரெஞ்சில் 'மார்க்'. கட்டத்துக்குள் தமிழில் ஒரு பேர். முன்னால் அப்பாவின் முதலெழுத்து.

கையுறையைக் கழற்றினேன்.

ஒவ்வொரு எழுத்தாய் விரலால் தடவி வாசித்தேன். பிறகு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை காலமும் இந்தப் பேருக்கு மேல் எத்தனை மாப்பிள்ளைமார் குந்தி எழும்பியிருப்பார்கள்! கட்டத்தோடு சேர்த்து அந்தத் துண்டை நேராக வெட்டி எடுத்தேன். மிச்சத்தை ஓரத்தோடு ஓரம் இழுத்து, இரட்டை நூலால் இறுக்கி அடித்தேன். மணவறைக்காரர் வெள்ளிக்கிழமை வருவார். அடுத்தமுறை வெடித்தால் பிரித்து விட உள்ளே துணி இல்லை என்று சொல்வேன், அவ்வளவுதான். அவருக்கு விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

துண்டு என் அளவுநாடாவுக்குள் சுருண்டு இருக்கிறது. அளவெடுக்க நாடாவை விரிக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் கையில் வரும். ரெசின் மணமும் அதோடு வரும். வாடிக்கைக்காரர் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும்.

அந்தப் பேரை இங்கே எழுதவில்லை. கடதாசிகளில் பேர் எழுதி நீங்கள் பட்டது காணும். ஆனால் கடையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு, ஒருதரம் வாய்விட்டுச் சொன்னேன். மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வாய், கூசியது. பின்னால் "அண்ணை" என்று சேர்த்து, இன்னொருதரம் சொன்னேன்.