சம்பந்தி வீட்டு வைக்கோல்

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. உன் மாமனார் நம் மண்டிக்குப் போட்ட வைக்கோலைத் தின்று, நம்மிடம் வாடிக்கையாக வாங்கும் சிட்டம்மாளின் சினைப்பசு செத்துப்போனது. மற்றபடி இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, புனேவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். எந்த ஊர் வைக்கோல் வந்தாலும் சுருட்டிக் கட்டிய ரோலுக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்த்து, மோந்து பார்த்துத்தான் வண்டியிலிருந்து இறக்குவேன், இந்த மண்டி நிமிர்ந்ததே அப்படித்தான். பெருநகரிலிருந்து உன் மாமனார் லோடு வந்தபோது மட்டும் கையை விடவில்லை. பெண் கொடுத்த வீட்டுச் சரக்கைச் சோதித்தால் அவர் முகத்தில் அடித்ததுபோல ஆகும் என்று விட்டேன். மேலே பொன்னாக இருந்தது, நடுவிலெல்லாம் கறுப்புப் பூசணம். மாடு முதலில் தீனி எடுக்கவில்லை, பிறகு மாதம் நிறையுமுன்னே கன்று வீசியது, அப்புறம் எழவே இல்லை. பூசணத்தில் ஊறிய நஞ்சு ஈரலைக் கெடுத்துவிட்டது, உதறிக் காயவைத்தாலும் அது போகாது என்றார் மாட்டு டாக்டர். சிட்டம்மாளோ, கறுப்பாத்தான் கீதுன்னு பாத்தேன், உங்க மண்டி சரக்காச்சேன்னு உதறிட்டுப் போட்டேம்மா என்றாள். நான் செய்ததையே அவளும் செய்திருக்கிறாள்.

பெருநகர் போனேன். இன்னா சம்பந்தி, வைக்கோல் தின்னா மாடு சாவுமா, அதுக்கு இன்னா சீக்கோ என்று உன் மாமனார் சிரித்தார். காபி கொண்டுவந்த உன் மாமியார் செல்லம்மாள் சூது தெரியாதவர். அந்த ரோல நம்ம மாட்டுக்குப் போட வேணாம்னு இவருதான் அண்ணி தனியா மூடி வெச்சிக்கினு இருந்தாரு என்று சொல்லிவிட்டார். அப்புறம் உன் மாமனார் சிரிக்கவில்லை. தெரியாமல் போட்டிருந்தால் மழையைத் திட்டிவிட்டு வந்திருப்பேன். தெரிந்தே போட்டிருக்கிறார், சம்பந்தி சரக்கில் நான் கையை விட்டுப் பார்க்கமாட்டேன் என்பதும் தெரிந்து.

நீ இதற்காக மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அவருக்கு இதில் பங்கில்லை. மாமியாரிடம் மட்டும் தவறாமல் பேசு, உண்மை சொன்னதற்கு இப்போது அவர்தான் ஏச்சு வாங்குகிறார். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அம்மன் உங்களைக் காக்கட்டும்.

உன் மாமனாரிடம் பேசி முடித்தது இது. அவர் கொட்டகையில் கறக்கிற பசு கன்றோடு வெள்ளிக்கிழமை சிட்டம்மாள் வீட்டில் நிற்க வேண்டும், மிச்ச ரோலை என் கண்ணெதிரே அவர் கழனியிலேயே கொளுத்த வேண்டும், இனி அவர் லோடு வந்தாலும் முழங்கை வரை கையை விட்ட பிறகுதான் இறக்குவேன். உனக்கு இதை எழுதக் கூடாது என்றும் கேட்டார், அதற்கு மட்டும் ஒப்பவில்லை.

இப்படிக்கு உன் அம்மா,
சுலோச்சனா
வைக்கோல் மண்டி, உத்திரமேரூர்