பூ வைத்துச் சென்றதால் மறுக்கப்பட்ட சிகிச்சை

அனுப்புநர்
கா. சரோஜா,
க/பெ. (லேட்) காசி,
பிள்ளையார் கோயில் தெரு,
கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: என் மகள் சிந்துஜாவின் கெட்டமின் சிகிச்சைச் செலவை 'நல்வேலி' காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் கா. சிந்துஜா (29) திருவண்ணாமலையில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தவர். திருமணமாகவில்லை. கடும் மனச்சோர்வு நோயால் இப்போது படுக்கையை விட்டு எழுவதில்லை. மாத்திரைகள் பலன் தராததால், கெட்டமின் மருந்தை நரம்பு வழியாக ஆறு முறை ஏற்ற வேண்டும் என்று மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தார். என் நகையை அடகு வைத்து இரண்டு முறை ஏற்றினோம். அந்த வாரம் அவர் சந்தைக்கு வந்து வெங்காயத்துக்குப் பேரம் பேசினார்.

2. மீதிக்கு, என் மகள் தன் பெயரில் காப்பீடு எடுத்திருந்த மேற்படி நிறுவனத்தை நாடினோம். கெட்டமின் மயக்க மருந்து என்றும், அறுவை சிகிச்சை இல்லாமல் மயக்க மருந்துக்குப் பணம் தர இயலாது என்றும் பதில் வந்தது. மேல்முறையீடு செய்தபின், நோயாளியை நேரில் காட்டும்படி திருவண்ணாமலைக் கிளைக்கு அழைத்தார்கள்.

3. அலுவலகத்துக்குப் போவதால் தலை பின்னி, பூ வைத்து, நல்ல சேலை கட்டி அழைத்துச் சென்றேன். ஆய்வு அலுவலர், "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். பெரியவர் கேட்டால் எல்லோரும் சொல்வதைத்தான் என் மகளும் சொன்னார்: "நல்லா இருக்கேன் சார்." சாப்பிட்டாயிற்றா என்றதற்கு, "சாப்டேன் சார்" என்றார். முந்தைய நாளிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

4. அலுவலர் என்னிடம், "நல்லா இருக்கேன்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் எனக்கு என்னம்மா வேலை? பௌர்ணமிக்கு மலை சுத்த சொல்லுங்க, சரியாயிடும்" என்றார். 'பூச்சூடி, நன்கு உடுத்தி வந்த நோயாளி தாம் நலமென ஒப்புக்கொண்டார்' என்று அறிக்கை எழுதினார்.

5. அடுத்த மருந்து ஏற்றாததால் நோய் முழுமையாகத் திரும்பிவிட்டது. மறு ஆய்வுக்கு, எண்ணெய் காணாத தலையோடு, கறை படிந்த நைட்டியிலேயே அழைத்துச் சென்றேன். அதே அலுவலர், "போன தடவை பூ வெச்சிக்கினு வந்தாங்க. இன்னிக்கு வேஷம் போட்டு இட்டுனு வந்தீங்களா?" என்றார். அங்கிருந்த ஊழியர்கள் சிரித்தார்கள். திரும்பும் பேருந்தில் என் மகள், "நான் என்னன்னு சொல்லியிருக்கணும்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

6. ஆகவே, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் குறிப்பைக் கொண்டே முடிவெடுத்து, மீதமுள்ள நான்கு முறைக்கும் உடனே அனுமதி அளிக்க ஆணையிட வேண்டுகிறேன். யாரேனும் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம்.

7. இம்மனுவில் காப்பீடு எடுத்தவர் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் அவரது சட்டப்படியான வாரிசு கையெழுத்திடலாம் என்று தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் தெரிவித்தார்கள். பேனாவைக் கொடுத்தால் என் மகள், "நல்லா இருக்கேம்மா, வுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். வாரிசாகக் கையெழுத்திட நான் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அதனால் தாயாக இப்போதே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். விதிப்படி செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இடம்: கீழ்பென்னாத்தூர்
நாள்: 12.08.2024

இப்படிக்கு,
கா. சரோஜா
(சிந்துஜாவின் தாய். அவர் உயிருடன் இருக்கிறார்.)