நடந்து போறவுக கையில

ஆடி 11, ஞாயிறு

காற்று. வாயைத் திறந்தால் மண். கொடியில் போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் தேட வேண்டியிருக்கிறது.

நடைப் பயிற்சி. காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கு வேன் வாங்கப் பணம் திரட்ட, அடுத்த மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் நடக்கிறோம். யோசனை என்னுடையது. மஞ்சள் பனியனும் என் யோசனைதான். இன்று ரெட்டியபட்டி வரை பஸ், அங்கிருந்து டவுனுக்குத் திரும்பி நடை. வழியில் பார்வதி ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தாள். "உக்காரதுக்கா வந்தோம்?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நாள் முழுக்கத் தையல் மிஷினில் கிடப்பவள், பாவம். முகம் சுண்டிப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் என் குதிகாலில் கொப்புளம். புது ஷூ. கத்தின வாயால் வலி என்று எப்படிச் சொல்வது? "முன்னால போங்க, போன் பேசிட்டு வாரேன்" என்றேன். ஷேர் ஆட்டோ வந்தது. கை காட்டிவிட்டேன். புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தபடி நாலு பேரையும் கடந்து போனேன். ச்சீ.

ஒரு வேப்ப மரத்தடியில் இறங்கி, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி வைத்திருப்பேன். ஒரு பெண் சொம்பில் மோரோடு ஓடி வந்தாள். என்னைவிடச் சின்னவள். மஞ்சள் சட்டை, வெறுங்கால், ஆடி மாதம். இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"எங்கருந்து நடந்து வாரீக?"

"ரெட்டியபட்டி."

கொப்புளத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கையில் வைத்தாள். உள்ளே கண்மலர், கண் மாதிரி செய்த இரண்டு வெள்ளித் தகடு.

"எம் மகளுக்கு வெள்ளிக்கெழம மதுரையில கண்ணு ஆப்பரேசன். அதுக்குள்ள ஆத்தாகிட்ட சேத்துருங்கக்கா. நடந்து போறவுக கையிலதான் குடுக்கணும்னு நேந்துருக்கேன். பஸ்ஸுல போறவுக எத்தன பேரு கேட்டாக, குடுக்கல."

வாங்கிக்கொண்டேன். மோரையும் குடித்தேன். நல்ல தாகம்.

மற்றவர்கள் வந்து சேர்ந்ததும், கண்மாய்க் கரை வழியாகக் குறுக்குப் பாதையில் நடந்து வந்ததாகப் புளுகினேன். எங்கள் தலைவி செல்வி மதினி, "இவளப் பாத்துக் கத்துக்கங்க" என்றார்கள். பார்வதி என் கையிலிருந்த ஷூவையே பார்த்தாள்.

ஆடி 13, செவ்வாய்

துவரம்பருப்பு. நல்லெண்ணெய். கொப்புளத்துக்குக் களிம்பு. கேஸ் புக் பண்ண மறக்கக் கூடாது.

கண்மலர் பீரோவில். நேற்று பீரோப் பக்கமே போகவில்லை, கட்டின சேலையையே கட்டினேன். இன்று திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டு. பக்கத்து வீட்டம்மா சொன்னது: "நேத்தே மதுரைக்குப் போயிட்டாக. ஆறு மாசமா ஆப்பரேசனே வேண்டாம்னு அழுதுக்கிட்டுக் கெடந்தா. நடந்து போற அக்கா கையில குடுத்தாச்சு, இனிப் பயமில்லன்னு பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா."

அந்த அக்கா நான்தான் என்று சொல்லவில்லை. திரும்பி வர பஸ்ஸில் சீட் கிடைத்தது. அதிலும் ஜன்னல் ஓரம் பார்த்து உட்கார்ந்தேன். வெட்கம் கெட்டவள்.

ஆடி 14, புதன்

இவர் சொல்கிறார்: "பைக்குல போயி உண்டியல்ல போட்டுட்டு வந்துருவோம். ஆத்தா என்ன டிக்கெட்டா கேக்கப் போறா?" சிரிப்பு வந்தது. அப்புறம் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துவிட்டேன்.

நடப்பது என்று முடிவு. தனியாகப் போகப் பயம். செல்வி மதினியிடம் சொல்ல வாய் வராது. பா.வின் தையல் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்க்கா. மூட்டைக்கு மேல மஞ்ச முதுகு தெரிஞ்சுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நடக்க வர மாட்டீக. நீங்க வரலன்னா மத்தவுகளும் நின்னுருவாக. பிள்ளைகளுக்கு வேன் வேணும்ல?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குக் கத்தினதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "வெரசாத் தூங்குங்க, விடியமுன்ன கெளம்பணும்" என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆடி 15, வியாழன்

பாதி வழி. டீக்கடை பெஞ்சு. பா. உள்ளே வடை வாங்குகிறாள்.

இரண்டு பேரும் வெறுங்கால். தார் சுடுகிறது. கொப்புளம் உடைந்து, துணி சுற்றியிருக்கிறேன். அவள் நிழல் கண்ட இடமெல்லாம் உட்காருகிறாள். நானும். தண்ணீர் கொடுத்த ஒருவர் காலைத் தொட வந்தார். பதறி விலகிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. "இருக்கன்குடிக்கா? ஏறுங்கக்கா, உள்ள ஆளே இல்ல." என் கால் தானாக நின்றுவிட்டது.

"நாங்க நடந்தே போறோம்." சொன்னது பா.

அவள் இல்லாவிட்டாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். எழுத வரவில்லை.