அகலமான டயர்

15 ஜூன் 1996, சனி. இரவு.

அண்ணா தன் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்று அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டிக்கொண்டு வந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. புதுப்பேட்டை டயர் கடையிலிருந்து தனியாக ஓட்டி வந்தபோது ஒரு சத்தமும் இல்லையாம். சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து லஸ் வரை போனான். ஒவ்வொரு பள்ளத்திலும் என் பக்கத்துப் பின்சக்கரம் கர்ரென்று உரசியது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் மட்கார்டுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். தகர விளிம்பு டயரைச் சுற்றிலும் கோடாக அறுத்திருந்தது. என் நகம் அதற்குள் போனது.

"அண்ணா, இன்னொரு ஆள் ஏறினா வண்டி இறங்கி டயர்ல இடிக்கறது."

"இதுவும் உன் பிசிக்ஸ் புக்ல போட்டிருக்கா? புது டயர்டி, ஓட ஓட சரியாயிடும்."

அம்மாவிடம் சொன்னேன். "காலங்கார்த்தால கெளம்பறோம், அபசகுனமா பேசாதே" என்றாள்.

நாளைக்கு அம்மாவைத்தான் இதே காரில் மகாபலிபுரம் கூட்டிப் போகிறான். வழியில் நூறு கிலோமீட்டர் வேகம் காட்டப் போகிறானாம். பழைய சக்கரங்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டான்.

அம்மா என்னைப் போல இரண்டு மடங்கு கனம்.