404: எருமையைக் காணோம்

10.10.08, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. கரண்ட் இரண்டு முறை போனது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியே கழுவித் துடைத்தாகிவிட்டது. தையல் மெஷின், கட்டிங் டேபிள், முதலாளி கார், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. புதிதாக வந்த பிரபு கம்பெனி வெப்சைட்டையும் சுத்தம் பண்ணியிருக்கிறான்! பழைய சீசன் பனியன் பக்கங்கள் குப்பையாம், அழித்துவிட்டான். நான் ஒவ்வொன்றாக ஏற்றியவை. எங்களிடம் பனியன் வாங்கும் ஜெர்மனி பையர் பழைய லிங்க்கை அழுத்தினால் 404 என்று வருகிறதாம். முதலாளி இருவரையும் கூப்பிட்டார். மாட்டினான் என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

சர்வர் படுத்துவிட்டதா என்று கேட்டார். நான் ரிக்வெஸ்ட், ஃபோல்டர் என்று விளக்கினேன். கொட்டாவி விட்டார். பிரபு வெள்ளகோவில்காரன், வீட்டில் மாடு உண்டு.

"சர்வருங்கறது மாட்டுக் கட்டுத்தறிங்க. பையர் வந்து, வளைஞ்ச கொம்பு எருமையக் காட்டுன்னு கேக்கறாரு. கட்டுத்தறி இருக்குது, பதில் சொல்ல ஆளும் இருக்குதுங்க. அந்த எருமைய மட்டும் காணோமுங்க. அதுதானுங்க 404."

யார் அவிழ்த்துவிட்டது என்றார் முதலாளி. நான்தானுங்க என்றான். திட்டு விழும் என்று பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

11.10.08, சனி

வாங்க: ஷாம்பூ, ரீசார்ஜ் கார்டு, அம்மாவுக்குத் தைலம்.

செக்கிங் செக்‌ஷனில் யாரோ டிபன் பாக்ஸைக் காணோம் என்றால், "எருமை போயிருச்சுங்க." எல்லோரும் சிரிப்பு. எங்கள் சாத்தான்குளம் பக்கம் பனைமரமும் ஆடும்தான். எருமைக்கு நான் எங்கே போவேன்?

404 வரும் இடத்தில் அந்த எருமையையே படமாகப் போடுங்கள் என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார் முதலாளி. பிரபு வரைந்துவிட்டான். வெறும் கயிறு, தூரத்தில் எருமை, வாயில் ஒரு டி-ஷர்ட். நன்றாக இருக்கிறது. வயிறு எரிகிறது.

ஜனவரியில் ஜெர்மனி கண்காட்சி. முதலாளியும் அவர் வீட்டு அம்மாவும், கூட ஆபீசில் ஒருவர். அது நான் என்றுதான் இருந்தேன், பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று. இன்று பிரபுவிடம், உனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். காதில் விழுந்தது.

13.10.08, திங்கள்

மழை. செருப்பு அறுந்தது.

பையரிடமிருந்து மெயில். வெப்சைட் மெயில் என் பெட்டிக்குத்தான் வரும். எருமையைப் பார்த்துச் சிரித்தாராம். வரைந்தவரைக் கண்காட்சியில் பார்க்க வேண்டுமாம்.

நன்றி என்று பதில் போட்டேன். கீழே என் பெயர். பொய் எதுவும் எழுதவில்லை. பெயர்தானே.

15.10.08, புதன்

முதலாளிக்கு பையர் போன். என்னையும் பிரபுவையும் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, ஜெர்மனிக்கு நீயே வா கண்ணு. எருமை வரைஞ்ச பொண்ணப் பாக்கோணுமாம் அவருக்கு."

காது சுட்டது. பிரபு இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று நின்றேன். சரிங்க என்று அவனும் தலையாட்டினான்.

வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தான். "அக்கா, அங்க இன்னொண்ணு சொல்லுன்னா என்ன பண்ணுவீங்க? சர்வரே படுத்துட்டா சொல்றதுக்கு, எத்தன கூப்புட்டாலும் எந்திரிக்காம அடைகாக்கற கோழி ஒண்ணு வெச்சிருக்கறேன். எழுதித் தாரேனுங்க."

முகத்தில் துளி கோபம் இல்லை. நிஜமாகவே எழுதிக் கொடுத்தான். படித்தேன், சிரிப்பு வந்தது.

எனக்கு இருக்கும் பொறாமையில் கால்வாசிகூட என் மேல் அவனுக்கு வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.