அக்கா கைத் தடிப்பும் அந்த இருநூற்று அறுபதும்

அன்புள்ள வெண்ணிலாவுக்கு எருமப்பட்டியிலிருந்து உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பண்ணையில் பத்தாயிரம் கோழிகளும் சௌக்கியம், அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அதைவிடச் சௌக்கியமாக இருக்கணும். போனில் சொன்னால் வக்கீல் மாதிரி குறுக்கே கேட்பாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

சாமி, நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். கையில் ஒட்டுகிற சுகர் மிஷினை நீ அனுப்பிய அன்றைக்கே, ஊசி ஒன்றும் செய்யாது, ஒட்டுகிற பசைதான் அக்காவுக்கு ஆகாது என்றேன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் கோழித் தோலைப் பார்த்தே நோய் சொல்கிறவனுக்கு மனுசத் தோல் எம்மாத்திரம். சொன்னபடியே ஐந்தாம் நாள் மிஷின் இருந்த இடம் காசு அகலத்துக்குச் சிவந்து தடித்து நீர்க் கொப்புளம். உன் அம்மா அதை நீளக்கை ரவிக்கையில் மறைத்துக்கொண்டு, தீவனம் அள்ளுகிற சாக்கில் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏனக்கா மறைக்கறே என்று கேட்டால், கழட்டுனா புள்ள போனுக்கு நம்பர் போவாதுடா, சுகர் கட்டுல இல்லீன்னு நெனச்சுப் பிரசவத்துக்கு வர வேண்டாம்னுருவா, அரிச்சா அரிச்சுட்டுப் போவுது என்கிறாள்.

நாமக்கல்லில் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பார்த்ததும், ஸ்டிக்கர் பொட்டு வெச்சு நெத்தி புண்ணாயிருக்குதுங்களா என்று கேட்டார். ஆமாங்க, அப்பறம் குங்குமந்தானுங்க என்றாள் உன் அம்மா. இதுவும் அந்தப் பசை ஒவ்வாமைதான் என்று களிம்பு எழுதி, மிஷினைக் கழற்றிவிட்டு விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். அந்தப் பொட்டுக் கேள்வியை எடுத்துக் கொடுத்ததே நான்தான், டாக்டரம்மா எழுந்து நின்று வணக்கம் வைத்தார். ஆனாலும் உன் போனுக்கு நம்பர் நிற்கக் கூடாதே, நீ அனுப்பியதில் அடுத்த மிஷினை உன் அம்மாவின் வலது கையில் என் கைப்பக்குவத்தில் ஒட்டினேன், ஒரு அரிப்பில்லை, ஒரு தடிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை இருநூற்று அறுபது காட்டியதும் நீ அழுது, அம்மா வரவே வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்கிறேன் என்றாயே, அது மாரியம்மன் கோயிலில் உன் அம்மா மூன்று வெல்லக் கச்சாயம் தின்றதால் வந்தது, வேறொன்றுமில்லை.

இங்கே பெட்டி கட்டியாகிவிட்டது. பிள்ளைக்கு வசம்பு, பழைய பருத்திச் சேலைத் துணி எல்லாம் உள்ளே. அங்கத்திய முட்டை நம் முட்டைக்கு உறை போடக் காணாது, இருந்தாலும் தினம் இரண்டு தின்னு, குனிந்து பாரம் தூக்காதே. மாரியாத்தா புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் நூறு வருசம் நன்றாக இருக்கணும்.

இதுவரை பக்கத்தில் நின்று படித்த உன் அம்மா, கச்சாயம் நான் எப்படா தின்னேன், உள்ளதை எழுதுடா என்று முதுகில் ஒன்று வைத்தாள். சரி சாமி, எழுதுகிறேன். அந்த மிஷின் ஒட்டியிருப்பது என் கையில். கச்சாயம் தின்றதும் நான், மூன்றல்ல, ஏழு. டாக்டரம்மா சொன்னபடி உன் அம்மா விரலில்தான் குத்திப் பார்க்கிறாள், காலண்டரில் எழுதியதையும் படம் பிடித்திருக்கிறேன் பார், சாப்பிட்ட பிறகும் நூற்று அறுபதைத் தாண்டவில்லை, கைத் தடிப்பும் ஆறிவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்யாதே. எனக்குச் சுகர் இருக்கிறது என்பதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன்.

இப்படிக்கு,
இருநூற்று அறுபதுக்குச் சொந்தக்காரன்,
உன் மாமன் சின்னுசாமி